எடைமேடையில் பச்சைக் கார்

கர்ராராவில் என் வேலை மலையை எடை போடுவது.
மலை முழுதாக வராது.
லாரிக்கு ஒரு துண்டாக இறங்கும்,
சங்கிலி மாட்டி, ஈரம் சொட்டச் சொட்ட.
இருபத்தெட்டு டன். முப்பத்தொன்று.
சீட்டைக் கிழித்துக் கொடுப்பேன்.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
எங்கள் மேடை மதிப்பதில்லை.

அதன்மேல் ஒரு வெள்ளிக்கிழமை
தவளைபோல வந்து குந்தியது பச்சைக் கார்.
பல் டாக்டர் வனெல்லியுடையது.
அவர் முதுகெலும்பு இனி அதற்குச் சம்மதிக்கவில்லையாம்.
"ஒரு வாரம் ஓட்டு, ஒரேஸ்தெ.
தினமும் ஓட்டு. வேலைக்கு, கடைக்கு.
பணத்தைப் பிறகு பேசலாம்."
ஆயிரத்து நானூறு கிலோ.
அரைக் கன மீட்டர் சலவைக்கல், அவ்வளவுதான்.
விலையோ, எங்கள் வீட்டுக்கடனில் மிச்சமிருப்பது.

திங்கள்.
பள்ளிக்கூடத்து வேகத்தடையை நேராக ஏற முடியாது,
வயிறு உரசும்.
நண்டுபோலச் சாய்த்து, ஒரு சக்கரம், பிறகு ஒரு சக்கரம்.
பின்னால் பேருந்து நிறையக் குழந்தைகள்
எண்ணிக்கொண்டிருந்தார்கள், உரக்க.

செவ்வாய் மழை.
குவாரிச் சாலையில் ஓடும் கல்பால்,
மார்மெத்தோலா என்போம் அதை,
மதியத்துக்குள் பச்சையை வெள்ளையாக்கியது.
சுங்கச்சாவடியில் சீட்டுக்குக் கை எட்டவில்லை;
கதவைத் திறந்து, கால் நீட்டி, தவழ்ந்து இறங்கினேன்.

புதன் சந்தை.
முன்பக்கப் பெட்டிக்குள் ஒரு தர்பூசணி போனது.
மற்றதெல்லாம் லொரெதானாவின் மடியில்:
கீரை, சோப்புத்தூள்,
காகிதத்தில் சுற்றிய உப்புக் கருவாடு.
அந்த வாசனையைத் தோல் இருக்கை உடனே தத்தெடுத்துக்கொண்டது.
இருக்கை இரண்டு. நாங்கள் நாலு பேர்.
லாப்போவும் தீனோவும் வாசலில் நின்று
யார் முதலில் என்று அடித்துக்கொண்டார்கள்.

இரவு அவள் எடைச்சீட்டின் பின்புறம் கணக்கெழுதினாள்.
காப்பீடு. கிளட்ச். பின் டயர் ஜோடி.
எழுதி அடிக்கோடிட்டாள்.
"யானையைக் கட்டித் தீனி போடலாம்,
போட முடியாதென்று சொல்லவில்லை.
ஆனால் யானைமேல் நாலு பேர் ஏறலாம்."

வியாழன் விடியுமுன், லாரிகள் இறங்கத் தொடங்கவில்லை,
மலைச்சுரங்கத்துக்குள் மூன்றாவது கியர்.
என் பின்னந்தலைக்கு ஒரு சாண் பின்னால்
வைரக்கம்பி கல்லை அறுக்கிற அதே சுருதி.
ஆனால் இதற்கு எங்கேயோ போகவேண்டியிருந்தது.
நாற்பது விநாடி. ஐம்பது இருக்காது.
வெளியே வந்து நிறுத்தி
என் கையைப் பார்த்தேன், யாருடையதோ போல.
சீட்டின் எந்த வரியில் இதை எழுதுவது?

மறுநாள் பள்ளிச் சமையலறையிலிருந்து
லொரெதானாவே ஓட்டிவந்து மேடையில் ஏற்றினாள்,
ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல்.
"எடை போடு."
ஆயிரத்து நானூற்று அறுபது.
"கார் எவ்வளவு, நான் எவ்வளவு?"
"சொல்லமாட்டேன்."
சிரித்தாள். கண்ணாடி ஏறியது.
வீட்டுப்பக்கம் திரும்புவாள் என்று நினைத்தேன்;
கடல்பக்கம் திரும்பினாள்.

இரண்டரை மணிநேரம்.
திரும்பியபோது முடி ஒரு பக்கமாய்க் கலைந்திருந்தது.
மீட்டரில் நூற்று எழுபது கிலோமீட்டர் கூடியிருந்தது.
நான் கேட்கவில்லை.
அவள் கருவாட்டை ஊறவைத்தாள்.

சனிக்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுத்தது நான்தான்.
போ என்று அவள் சொல்லவுமில்லை, தடுக்கவுமில்லை.
டாக்டர் குனிந்து முகர்ந்தார்.
"மீனா?"
"மீன்தான்."

திங்கட்கிழமை பாண்டாவில் நால்வரும்.
அவள் ஓட்டினாள்.
எதன்மீதும் ஏறும் கார் அது, கழுதைமாதிரி.
பள்ளிக்கூடத்து வேகத்தடை வந்தது.
வேகத்தைக் குறைத்து, ஸ்டியரிங்கை ஒடித்து,
ஒரு சக்கரம்,
பிறகு ஒரு சக்கரம்.
பின்னால் பேருந்து ஹார்ன் அடித்தது.
"ஏம்மா சாய்ச்சுப் போறே?" என்றான் தீனோ.